புகை வராத அடுப்பு

வால்மூர், அக்டோபர் 12, 2009

அருமை மகள் நீவெஸுக்கு,

கார்னியா மலைநாட்டு விறகுவெட்டிகளின் கடைசிச் சக்கரவர்த்தியும், வால்மூரின் மேற்குச் சரிவு முழுமைக்கும் ஏக அதிபதியும் (என் வீட்டைத் தவிர இங்கே வேறு வீடு இல்லை), உன் அப்பாவின் ஒரே தம்பியுமாகிய எர்மெஸ் எழுதிக்கொள்வது.

நீ அனுப்பிய இயந்திரம் வந்து சேர்ந்தது. எடை தொள்ளாயிரம் கிலோ. பாதையிலிருந்து வீட்டு வாசலுக்கு அதைத் தூக்கி வந்த ஆட்கள், நடுவில் இரண்டு முறை உயில் எழுதினார்கள். இப்போது அது சமையலறை மூலையில், பெட்டியைவிட்டு வெளியே வராமல், புதுப் பெண்ணைப் போலத் தலைகுனிந்து நிற்கிறது. இதைத்தான் அடுப்பு என்கிறார்களாம். முன்பக்கம் கண்ணாடி, மேலே பொத்தான்கள், பின்னால் ஒரு மின்சாரக் கம்பி. கம்பி எதற்கு என்று கேட்டேன். கரண்ட் இல்லாமல் எரியாதாம்! எழுபத்தோரு வருடமாக நெருப்போடு குடித்தனம் நடத்துகிறவன் நான். சுவரில் செருகினால்தான் எரிவேன் என்று அடம்பிடிக்கும் நெருப்பை இப்போதுதான் பார்க்கிறேன்.

கூடவே நாற்பது மூட்டை தீனியும் வந்திருக்கிறது. மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சிகள். 'பெல்லட்' என்று பெயர். பார்த்தால் முயலுக்குப் போடுவது மாதிரி இருக்கிறது. வீட்டில் முயல் இல்லாதது முயலின் அதிர்ஷ்டம்.

நம் ஒப்பந்தம் எனக்கு மறக்கவில்லை. செப்டம்பரில் விறகு அடுக்கின் உச்சியிலிருந்து, இருபது மீட்டர் உயரத்திலிருந்து, நான் விழுந்தேன். காறை எலும்பு இருபது துண்டானது. இனிக் கோடாலியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். முதல் பனி தரையில் தங்குவதற்குள் இந்த வீடு விறகில்லாமல் சூடாக வேண்டும். இல்லாவிட்டால் ஃபெர்ராராவில் உன் நான்காவது மாடிக்கு நான் குடிவர வேண்டும். சரி. அந்த ஊரில் ஏறி நிற்க ஒரு மேடுகூடக் கிடையாது. அங்கே நான் விழுந்து சாக வேண்டுமென்றால் உன் சன்னலிலிருந்துதான் விழ வேண்டும்.

இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லலாமே என்பாய். "தனியா இருக்க இனிமே உங்களால முடியாது சித்தப்பா" என்று நீ சொன்ன அன்றே அதைத் தூக்கி உருளைக்கிழங்குச் சாக்குக்குள் போட்டுவிட்டேன். அடிக்கிறது. உருளைக்கிழங்கு எடுத்துப் பேசட்டும்.

கோபம் ஆறாத,
எர்மெஸ் சித்தப்பா

---

ஃபெர்ராரா, அக்டோபர் 19, 2009

அன்புள்ள சித்தப்பா,

உங்கள் கடிதத்தை வழக்கம்போல எல்லா எண்களையும் பத்தால் வகுத்துப் படித்தேன். அடுப்பு தொண்ணூறு கிலோ. உயரம் இரண்டு மீட்டர். எலும்பு இரண்டு துண்டு. எக்ஸ்ரே என்னிடம்தான் இருக்கிறது.

நான் சொன்னது தப்பு. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் நீங்கள் விழுந்து மூன்று மணி நேரம் முற்றத்தில் கிடந்திருக்கிறீர்கள். தபால்காரி லொரெத்தா அன்று தற்செயலாக உங்களுக்கு ஒரு கடிதம் கொண்டுவரவில்லையென்றால்? அதுவும் அந்தக் கடிதம் வெறும் விளம்பரம். தையல் இயந்திர விளம்பரம் ஒன்று உங்கள் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதை நினைத்தால் இன்னும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அடுப்பைப் பொருத்த தொல்மெட்ஸோவிலிருந்து இவானோ என்பவர் வருவார். தயவுசெய்து அவரிடம் சண்டை போடாதீர்கள். புகைக்குழாயை எங்கே விடுவது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்கள் இல்லை.

இன்னொன்று. பழைய கணப்புக்கு விறகு பத்தாது, பத்தாது என்கிறீர்களே, பத்தாமல் என்ன செய்யும்? ஜூன் மாதம் நான் வந்திருந்தபோதும் காலை ஆறு மணிக்குக் கணப்பை மூட்டினீர்கள். வியர்த்துக்கொண்டே மூட்டினீர்கள். கேட்டால் காப்பிக்கு என்றீர்கள். பக்கத்திலேயே கேஸ் அடுப்பு இருந்தது.

அப்பா நலம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் "மேற்குச் சரிவுல பனி விழுந்திருக்கா?" என்று கேட்டார். ஓடைக்கு அந்தப் பக்கம், சன்னலைத் திறந்தால் உங்கள் கூரை தெரிகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, இருநூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் என்னிடம் கேட்கிறார். நீங்கள் இருவரும் பேசாமல் இருப்பதில் மிகவும் களைத்துப்போயிருப்பது நான்தான்.

நீவெஸ்

---

வால்மூர், அக்டோபர் 28, 2009

சுவர் துளைக்கும் வைபவத்தைக் காணக் கொடுத்துவைக்காத துர்ப்பாக்கியவதி நீவெஸுக்கு,

இவானோ வந்தான். தாடி இடுப்புவரை. அதற்குள் இரண்டு குருவிக்கூடு இருக்கலாம். நம் வீட்டுச் சுவரின் கனம் ஏழு மீட்டர் என்று சொன்னேன், நம்பவில்லை. மதியத்துக்குள் நம்பினான். மூன்று துளைக்கம்பி முறிந்து, நான்காவது கம்பி வெளியே தலை நீட்டியபோது ஊரே கைதட்டியது. ஊர் என்றால் லொரெத்தா.

குழாய் சுவர் வழியாக வெளியே போய்க் கூரைக்கு மேல் ஏறுகிறது. பளபளவென்று, ஒரு கை அகலம்கூட இல்லை. நெருப்புக்கு அல்ல, எலிக்குப் போட்ட மாடிப்படி மாதிரி இருக்கிறது. அப்புறம்தான் அவன் கணப்பைப் பார்த்தான்.

"பெரியவரே, இத அடைச்சாகணும். இல்லேன்னா சூடெல்லாம் இது வழியா மேல போயிடும்."

"நானூறு வருஷமா எரியுது தம்பி அது."

"நானூறு வருஷமா சூட்ட வானத்துக்குத்தான் அனுப்பியிருக்கீங்க."

பதில் சொல்ல வாய் திறந்தேன். பதில் இல்லை. என் வாழ்க்கையில் இது இரண்டாவது முறை. (முதல் முறை உன் சித்தி என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொன்னபோது. கடவுள் அவளைக் குளிர் இல்லாத இடத்தில் வைத்திருக்கட்டும்.) புது அடுப்பு எரியும் நாளில் தகடு வைத்து அடைத்துக்கொள் என்று ஒத்துக்கொண்டேன்.

கணப்புக்கு மேல் தொங்கும் எங்கள் அப்பாவின் செம்புக் கொப்பரையைப் பார்த்து, "இது எதுக்கு?" என்றான். மக்காச்சோளக் களி கிண்ட என்றேன். அதன் சரித்திரத்தை அவனுக்குச் சொல்லவில்லை. உனக்குத் தெரியும். எங்கள் அப்பா இறந்த வருடம், மார்ட்டின் திருநாளன்று, உன் அப்பா வாசலில் நின்று, "கொப்பர மூத்தவனுக்கு" என்றான். நான், "கொப்பர இங்கதான் தொங்கும், நீ வந்து சாப்பிடு" என்றேன். "எனக்கு என் வீட்டுல சாப்பிடத் தெரியும்" என்று போனவன்தான். பதினோரு வருடம். கடுமையான வார்த்தை எதுவும் நாங்கள் பேசவில்லை, கவனி. அதுதான் கஷ்டம். கடுமையான வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கலாம்.

முதல் தீயை இவானோதான் மூட்ட வேண்டுமாம். சட்டமாம். குழாயில் ஒரு துண்டு குறைகிறது. திங்கட்கிழமை கொண்டு வருகிறான். தீனியைப் பற்றி நீ கவலைப்படாதே. அறுபது குளிர்காலத்து அனுபவத்தைக் கொண்டு, முறைப்படி செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன்.

வெற்றியின் வாசலில்,
எர்மெஸ்

---

ஃபெர்ராரா, நவம்பர் 4, 2009

சித்தப்பா,

இவானோ போன் செய்தார். முதலில் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

காய வைத்தீர்களா?

நாற்பது மூட்டையையும் பிரித்து, மேல் மாடத்துப் பலகையில் பரப்பி, காற்றில் காய வைத்தீர்களா? நவம்பர் மூடுபனியில்?

"பச்ச மரத்த அப்படியே யாராவது எரிப்பாங்களா? ரெண்டு வருஷம் காயணும், இது பொடிசுங்கறதால ரெண்டு வாரம் போதும்னு கணக்குப் போட்டேன்" என்று அவரிடம் சொன்னீர்களாமே. சித்தப்பா, அவை ஏற்கெனவே காய்ந்தவை. எலும்பைவிடக் காய்ந்தவை. ஈரம் பட்டால் ஊதி மாவாகும் என்பதால்தான் பிளாஸ்டிக் மூட்டையில் கட்டி அனுப்புகிறார்கள். மாடத்திலிருந்து கஞ்சி வடிந்தது என்றார் இவானோ. மண்வாரியால் அள்ளினாராம்.

மறுபடி மூட்டைகள் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பதினெட்டாம் தேதிக்கு முன்னால் லாரி கிடையாதாம். பனி இருபதாம் தேதி வாக்கில் என்று வானொலியில் சொல்கிறார்கள். மூட்டைகளைப் பிரிக்காதீர்கள். முகர்ந்து பார்க்கக்கூடப் பிரிக்காதீர்கள். சமையலறைக்குள் அடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மூட்டையாக, தேவைப்படும்போது மட்டும்.

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்களுக்காகத் தையல் அறையைக் காலி செய்து கட்டில் போட்டுவிட்டேன். அந்த அறைச் சன்னலிலிருந்து தெரிவது எதிர்வீட்டுச் சுவர். தினமும் அந்தக் கட்டிலைப் பார்க்கிறேன். உங்களை அதில் படுக்க வைத்துக் கற்பனை செய்கிறேன், முடியவில்லை. உங்கள் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். யாரோடும் வம்பு பண்ண முடியாமல் ஒரு மாதத்தில் நல்லவராகிவிடுவீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் வர வேண்டாம் சித்தப்பா. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த அடுப்பு எரிய வேண்டும் என்று உங்களைவிட நான் வேண்டிக்கொள்கிறேன்.

நீவெஸ்

---

வால்மூர், நவம்பர் 9, 2009

நீவெஸ்,

மாவானது உண்மை. கஞ்சி என்பது இவானோவின் மிகை. அவனுக்கு எதையும் பெரிதாக்கிப் பேசும் கெட்ட வழக்கம் இருக்கிறது.

பிரிக்க மாட்டேன். முகர மாட்டேன். அதுவரைக்கும் விறகு இருக்கிறது, சிக்கனமாக மூட்டினால் பத்து நாள் வரும். பிளந்தவை தீர்ந்துவிட்டன, முழுக்கட்டைகள்தான். ஒற்றைக் கையால் உருட்டி உள்ளே விடுகிறேன். கோடாலியைத் தொடவில்லை. டாக்டரிடம் சொல்.

உன் கட்டில் பற்றி எழுதியிருந்தாய். இரண்டு முறை படித்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

எர்மெஸ்

---

வால்மூர், நவம்பர் 23, 2009

உலகச் செய்திகளை முந்தித் தரும் எர்மெஸிடமிருந்து, மகள் நீவெஸுக்கு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு படிக்கவும்.

எரிகிறது!

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு, உலகம் தோன்றியபோது எத்தனை ஆரவாரம் இருந்திருக்குமோ அதற்குச் சற்றும் குறையாத ஆரவாரத்துடன், இவானோ பொத்தானை அழுத்தினான். உள்ளே கலகலவென்று குச்சிகள் விழுந்தன. ஒன்றும் நடக்கவில்லை. ஃபெர்ராரா கண்ணுக்குத் தெரிந்தது. உன் எதிர்வீட்டுச் சுவர் தெரிந்தது. அப்புறம் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஆரஞ்சுப் புள்ளி, சட்டென்று ஒரு தீ. நான் அழவில்லை. புதுப் பெயின்ட் சூடாகும்போது ஒரு நெடி வரும், அது கண்ணில் பட்டது. இவானோவின் கண்ணிலும் பட்டது. அவன் கணப்பைத் தகடு வைத்து அடைத்துவிட்டுப் போனான். நான் அடுப்பில் இருபத்தொரு டிகிரி என்று வைத்துவிட்டு, ஒரு போர்வையோடு, ஆமாம் ஒரே போர்வையோடு, படுத்தேன்.

விடியற்காலை ஐந்துக்கு எழுந்து கணப்பைக் கிளற வேண்டிய அவசியமில்லாத முதல் நாள். தூங்கினேன் நீவெஸ். கரடிகள் வந்து என்னிடம் பாடம் படிக்கும்படி தூங்கினேன். வெளியே கழுத்தளவு பனி விழுந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

ஒன்பது மணிக்குக் கதவு அதிர்ந்தது. மலையே சரிகிறது என்று நினைத்தேன்.

"யாரது?"

ஒரு குரல். பதினோரு வருடமாக நான் கேட்காத குரல்.

"நீ செத்துட்டியாடா?"

"இல்ல."

"அப்புறம் ஏன்டா புகை வரல?"

திறந்தேன். உன் அப்பா. தொப்பி இல்லை, புருவத்தில் பனி, கையில் கோடாலி. கதவைப் பிளக்கத் தயாராக வந்திருக்கிறான். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓடையைத் தாண்டி, ஏற்றத்தில் ஏறி வந்திருக்கிறான். உடம்பில், சாவு வீட்டுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டு.

"கோட்டு எதுக்கு?" என்றேன்.

"எப்படியும் போட வேண்டி வரும்னு நெனச்சேன். ரெண்டு தடவ எவன் மாத்துறது?"

அவனுக்குப் பின்னால் லொரெத்தா, மூச்சிரைக்க. "ரெண்டு பேரும் உசுரோடதான இருக்கீங்க? அப்ப வழி விடுங்க. என் காலு மரத்துப்போச்சு." அவள் தபால் பையோடு வரும்போது இவன் கோடாலியோடு போவதைப் பார்த்திருக்கிறாள். கொலை என்று நினைத்து ஓடி வந்தாளாம்.

உள்ளே வந்தார்கள். நான் பனியன், அரைக்கால் சட்டையோடு நிற்கிறேன். உன் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தான். அடைத்த கணப்பைப் பார்த்தான். பிறகு மூலையைப் பார்த்தான்.

"இது என்னடா, துணி தொவைக்கிற மெஷினா?"

"அடுப்பு. நீவெஸ் வாங்கிக் குடுத்தது."

"புகை?"

"வராது. அதுதான் அதோட பெருமையாம்."

"பெருமையா? ஆறு மணிக்குப் பாத்தேன், இல்ல. ஏழு மணிக்கு இல்ல. எட்டு மணிக்கு..." அவ்வளவுதான் சொன்னான். நாற்காலியை இழுத்துப்போட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தான். நீண்ட நேரம் கண்ணாடியையே பார்த்தான். கோடாலியைக் கீழே வைக்காமல் இறுக்கிப் பிடித்திருந்தான், விரல் விறைத்தது குளிரில் என்று அவன் சொன்னான், குளிரில்தான் என்று நானும் லொரெத்தாவும் ஒத்துக்கொண்டோம். மூன்று பேரும் காப்பியில் திராட்சைச் சாராயம் ஊற்றிக் குடித்தோம். காப்பி குறைவாகத்தான் இருந்தது.

புறப்படும்போது கொப்பரையைப் பார்த்தான்.

"இனிமே இத எங்க வைப்ப? அந்த மெஷினு தலையிலயா?"

"தொங்கட்டும்."

"செம்பு. பச்சக் களிம்பு பிடிச்சிடும்."

"பிடிக்கட்டும்."

"அப்பாவோடதுடா."

நான் எழுந்து, நல்ல கையால் கொக்கியிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். பனி இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. தொப்பி இல்லையே, கொப்பரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கினான். கறுப்புக் கோட்டு, செம்புத் தலை, கையில் கோடாலி. எந்த ராஜாவும் அப்படி ஒரு கிரீடம் வைத்து நான் பார்த்ததில்லை.

பாதி இறங்கியவன் திரும்பி நின்று கத்தினான். "இனிமே தினம் நீ இருக்கியா இல்லையான்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

"போன் பண்ணு!"

"உங்கிட்டதான் நான் பேசுறதில்லையே!"

பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்த பேரம் அது. கடைசியில் முடிவானது: காலை ஏழு மணிக்கு என் பச்சைச் சன்னல் கதவைத் திறந்து வைக்க வேண்டும். திறக்காவிட்டால் கோடாலியோடு வருவான். நீ கொடுத்த தூக்கத்தை உன் அப்பா ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டான் என்பதைப் புகாராகப் பதிவு செய்கிறேன்.

நேற்று ஞாயிறு. மதியம் வந்தான். கொப்பரை நிறையக் களி, கம்பளி சுற்றி, ஆவி பறக்க. "என் வீட்டுல தனியா இவ்வளவ யாரு திங்கிறது?" என்றான். நான் தட்டு எடுத்து வைத்தேன்.

பனி தரையில் தங்கிவிட்டது. வீடு சூடாக இருக்கிறது. உன் கட்டிலை மடித்து வை.

எர்மெஸ் முதலாமவன்

---

ஃபெர்ராரா, நவம்பர் 30, 2009

அன்புள்ள சித்தப்பா,

அலுவலகத்தில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்து மேசைப் பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். கெட்ட செய்தியா என்றாள். இல்லை, என் அப்பா என் சித்தப்பாவை வெட்ட வந்தார் என்றேன். அவள் இன்னும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறாள்.

கட்டிலை மடித்துவிட்டேன். தையல் இயந்திரம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அன்று இரண்டு மாதத்தில் முதல் முறையாக நன்றாகத் தூங்கினேன்.

அப்பா போன் செய்தார். நடந்தது எதையும் சொல்லவில்லை. பனி முழங்காலளவு என்றார். நீங்கள் கழுத்தளவு என்று எழுதியிருந்தீர்கள். கடைசியில், வைக்கப்போகும் சமயத்தில், "அந்தக் குச்சிய வெளிய காயப் போடக் கூடாதாமே, நெசமா?" என்று கேட்டார். எதற்கு என்றேன். "சும்மாதான். அந்தக் கடை பேரு என்ன?" என்றார்.

இவானோவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். உங்கள் தொலைபேசியை உருளைக்கிழங்கிலிருந்து வெளியே எடுங்கள். மன்னிப்பு, மன்னிப்பு, மன்னிப்பு. போதுமா?

நீவெஸ்

---

வால்மூர், டிசம்பர் 6, 2009

என் அருமை நீவெஸுக்கு,

ஒரு மன்னிப்பே போதும். மீதி இரண்டை அடுத்த சண்டைக்கு வைத்திருக்கிறேன். தொலைபேசியை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டேன். ஆனால் இதைத் தொலைபேசியில் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

நேற்று உன் அப்பாவின் வீட்டுக்குப் போனேன். புது அடுப்பை எந்த மூலையில் வைப்பது என்று அபிப்பிராயம் கேட்டான். கேட்டதே எனக்கு மயக்கம் வரவைத்தது. சமையலறையில் எல்லாம் அப்படியே இருந்தது. ஒரே ஒரு நாற்காலி மட்டும் மேசையைவிட்டு விலகி, சன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அடுப்பை இங்கே வைக்கலாமே என்று நாற்காலியை நகர்த்தினேன். நகரவில்லை. கால்கள் நின்ற இடத்தில் பலகை குழிந்திருந்தது. கைப்பிடியில் வலதுபக்கம் வண்ணம் தேய்ந்து மரம் தெரிந்தது. உட்கார்ந்து பார்த்தேன். அந்தச் சன்னலில் மலை தெரியவில்லை, ஓடை தெரியவில்லை. என் கூரையும், அதன்மேல் என் புகைபோக்கியும் மட்டும்தான் தெரிந்தன.

"அத விடு. அது அங்கதான் இருக்கும்" என்றான் உன் அப்பா, முதுகைக் காட்டிக்கொண்டு காப்பி போட்டபடி.

விட்டுவிட்டேன்.

நீ அக்டோபரில் ஒன்று கேட்டிருந்தாய். ஜூன் மாதத்திலும் காலை ஆறு மணிக்கு எதற்குக் கணப்பை மூட்டினீர்கள் என்று. காப்பிக்கு என்று நான் சொன்னது பொய். காப்பியை எப்போதும் கேஸ் அடுப்பில்தான் போட்டேன். அவன் பார்க்கிறான் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. பார்த்தால் தெரியட்டும் என்றுதான் மூட்டினேன். நான் விழுந்த அன்றும் காலையில் மூட்டிவிட்டுத்தான் விறகு அடுக்கில் ஏறினேன். அதனால்தான் அன்றைக்கு அவனுக்கு ஒன்றும் தெரியாமல் போனது. அதை அவனிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

ஒரு நாற்காலி. ஒரு சன்னல். பதினோரு வருடம். இந்த எண்களைப் பத்தால் வகுக்காதே.

மணி ஏழாக இரண்டு நிமிடம் இருக்கிறது. எழுந்து சன்னலைத் திறக்க வேண்டும்.

உன் சித்தப்பா
எர்மெஸ்